பஃபலோவுக்கு வர ஏன் யாருக்கும் மனமில்லை? பில்ஸ் ரசிகர்கள் மார்ச் மாதம் கேட்கும் கேள்விகள்

மார்ச் இரண்டாம் வாரம் வந்துவிட்டால் பஃபலோ பில்ஸ் ரசிகர்களுக்குத் தூக்கம் கெட்டுவிடும். ஆட்டம் ஒன்றும் நடக்காது, ஆனாலும் கைப்பேசியைக் கீழே வைக்க மனம் வராது. எந்த நட்சத்திரம் எந்த அணிக்குப் போகிறார் என்று நிமிடத்துக்கொரு செய்தி வந்துகொண்டே இருக்கும். நாம் ஆசைப்பட்டவர் மயாமிக்குப் போயிருப்பார், இல்லாவிட்டால் லாஸ் ஏஞ்சலஸுக்கு. உடனே பழைய புலம்பல் ஆரம்பமாகும்: "நம்ம ஊருக்கு யார் வருவா?"

இங்கே பேசுவது அமெரிக்கக் கால்பந்தைப் பற்றி, அதாவது என்.எஃப்.எல். பஃபலோ நியூயார்க் மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், கனடா எல்லையை ஒட்டி இருக்கிறது. டொராண்டோவிலிருந்து காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அந்தப் பக்கத்துத் தமிழர்கள் பலருக்கும் கைக்கெட்டும் என்.எஃப்.எல். அணி இதுதான். இந்த ஆட்டத்துக்குப் புதியவர்களும் தொடர்ந்து வரட்டும் என்று அடிப்படையிலிருந்தே தொடங்குகிறேன்.

ஃப்ரீ ஏஜென்ட் என்றால் யார்?

ஒப்பந்தம் முடிந்து, யாரோடு வேண்டுமானாலும் புது ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும் உரிமை உள்ள வீரர். என்.எஃப்.எல்.லில் குறைந்தது 4 பருவங்கள் ஆடி முடித்து, ஒப்பந்தமும் காலாவதியாகியிருந்தால் முழுச் சுதந்திரம். 3 பருவம்தான் ஆகியிருக்கிறது என்றால் பாதிச் சுதந்திரம்: வேறு அணி பேசலாம், ஆனால் பழைய அணி அதே தொகையைக் கொடுத்துத் தக்கவைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு தடையும் உண்டு. ஒவ்வோர் அணியும் ஆண்டுக்கு ஒரு வீரர்மீது 'ஃப்ராஞ்சைஸ் டேக்' போட்டு, உயர்ந்த சம்பளத்தில் ஓராண்டு பிடித்து வைத்துக்கொள்ளலாம். மிகச் சிறந்தவர்களில் பலர் சந்தைக்கே வராமல் போவதற்கு இது ஒரு காரணம்.

மார்ச்சில் புது ஆண்டுக் கணக்கு தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பே மற்ற அணிகள் வீரர்களின் ஏஜென்ட்டுகளோடு பேசலாம். பெரிய பேரங்கள் எல்லாம் அந்த இரண்டு நாளிலேயே முடிந்துவிடும்.

பஃபலோவுக்கு வர வீரர்கள் தயங்குகிறார்கள் என்பது உண்மையா, வெறும் புலம்பலா?

நீண்ட காலம் உண்மையாகவே இருந்தது. வீரர்களுக்கு இந்தச் சுதந்திரம், அதாவது ஃப்ரீ ஏஜென்சி, வருவதற்கு முன்பே அந்தத் தயக்கம் இருந்தது. பில்ஸ் வரலாற்றின் பெரும் நாயகன், குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ஜிம் கெல்லி. 1983 டிராஃப்ட்டில், அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், பில்ஸ் அவரைத் தேர்ந்தெடுத்தபோது அவர் வர மறுத்தார். போட்டியாகத் தொடங்கியிருந்த யு.எஸ்.எஃப்.எல். என்ற லீக்கில் ஹூஸ்டன் அணிக்குப் போய்விட்டார். அந்த லீக் படுத்த பிறகுதான், 1986இல், பஃபலோவுக்கு வந்தார். வந்தவர் அணியை நான்கு சூப்பர் பௌல் இறுதிப் போட்டிகளுக்கு இழுத்துச் சென்றார். ஓய்வுக்குப் பிறகும் அந்த வட்டாரத்தையே தன் ஊராக்கிக்கொண்டார்.

இந்தக் கதையை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். வருவதற்கு முன் இந்த ஊரைப் பற்றி வீரர்களின் மனத்தில் இருக்கும் படம் வேறு, வந்து வாழ்ந்த பிறகு அவர்கள் சொல்வது வேறு. வந்து சேரவைப்பதுதான் பெரும்பாடு.

பனிதானே காரணம்?

எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான். பனி கடுமையானதுதான், மறுப்பதற்கில்லை. ஈரி ஏரியின் மேல் வரும் குளிர்காற்று ஈரத்தை வாரிக்கொண்டு வந்து நகரத்தின் தெற்குப் பக்கத்தில் கொட்டும். மைதானம் இருக்கும் ஆர்ச்சர்ட் பார்க்கும் அந்தப் பக்கம்தான். 2014 நவம்பரிலும் 2022 நவம்பரிலும் சொந்த மைதானத்தில் நடக்கவேண்டிய ஆட்டங்களை டெட்ராய்ட்டுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. 2024 ஜனவரியில் பிட்ஸ்பர்க்குடனான பிளேஆஃப் (பருவ முடிவில் சிறந்த அணிகள் மட்டும் மோதும் சுற்று) ஆட்டம் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போனது. மணிக்கு 20 டாலர் கூலி என்று அணி அறிவித்ததும் ரசிகர்களே மண்வெட்டியோடு வந்து பனியை அள்ளினார்கள். அப்படியும் முழுதும் தீரவில்லை. இருக்கையைத் தோண்டி எடுத்து உட்கார்ந்தவர்கள், டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்ப்பது) விழுந்தபோதெல்லாம் கைநிறையப் பனியை அள்ளி மேலே வீசினார்கள். பில்ஸ் 31-17 என்று வென்றது.

ஆனால் குளிர் நமக்கு மட்டும் சொந்தமில்லை. கிரீன் பே, பாஸ்டன் பக்கத்து நியூ இங்கிலாந்து, பிட்ஸ்பர்க், சிகாகோ எல்லாமே உறையும் ஊர்கள்தான். புகழ்பெற்ற குவார்ட்டர்பேக் டாம் பிரேடி ஆடிய காலத்தில் நியூ இங்கிலாந்துக்குக் குறைந்த சம்பளத்துக்கும் வர வீரர்கள் தயாராக இருந்தார்கள். பனி அவர்களைத் தடுக்கவில்லை. மேலும், வீரர்கள் ஜனவரியில் பருவம் முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். கடுங்குளிரில் அவர்கள் ஊரில் இருப்பது இரண்டு மாதம், மிஞ்சிப்போனால் இரண்டரை.

வரி?

நியூயார்க்கில் மாநில வருமான வரி அதிகம், ஃப்ளோரிடாவிலும் டெக்ஸஸிலும் டென்னஸியிலும் அறவே இல்லை. 10 மில்லியன் டாலர் சம்பளத்தில் அது பெரிய தொகைதான். ஆட்ட நாட்கள் மட்டுமல்ல, பயிற்சி நாட்களும் கணக்கில் சேர்வதால் அணி இருக்கும் மாநிலத்துக்குத்தான் வரியில் பெரும்பங்கு போகும்.

ஏஜென்ட்டுகள் இதைக் கணக்குப் போடாமல் இருக்கமாட்டார்கள். ஆனால் கலிஃபோர்னியாவின் உச்ச வரி நியூயார்க்கைவிட அதிகம். அங்கே உள்ள அணிகளுக்கு ஆள் கிடைக்காமலா போகிறது? இரண்டு அணிகளின் பேரம் சமமாக இருந்தால் வரி தராசைச் சாய்க்கும். அவ்வளவுதான்.

அப்படியானால் உண்மையான காரணம் என்ன?

தோல்வி. அதோடு, நாளை என்ன நடக்கும் என்று தெரியாத நிலை.

1999 பருவத்துக்குப் பிறகு 17 ஆண்டுகள் பில்ஸ் பிளேஆஃப் பக்கமே போகவில்லை. 2000 முதல் 2016 வரை. முடியும் தறுவாயில், அப்போது நீடித்துக்கொண்டிருந்த வறட்சிகளில் அமெரிக்காவின் பெரிய தொழில்முறை விளையாட்டுகளிலேயே மிக நீண்டது இதுதான். அந்த ஆண்டுகளில் தலைமைப் பயிற்சியாளர்கள் வந்த வேகத்தில் போனார்கள்: வேட் ஃபிலிப்ஸ், கிரெக் வில்லியம்ஸ், மைக் முலார்க்கி, டிக் ஜாரன், சான் கெய்லி, டக் மரோன், ரெக்ஸ் ரையன். குவார்ட்டர்பேக்குகளின் பட்டியல் இன்னும் நீளம்.

எறியும் பந்தைப் பிடிக்கும் ஒரு ரிசீவரின் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். உங்கள் அடுத்த ஒப்பந்தம் எத்தனை பந்து பிடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பந்தை எறியப்போவது யார் என்றே தெரியாத அணிக்கு ஏன் போவீர்கள்? போனாலும் உங்களை விரும்பி அழைத்த பயிற்சியாளர் அடுத்த ஆண்டு இருப்பாரா?

அணி இதே ஊரில் இருக்குமா என்பதே அப்போது கேள்வியாக இருந்தது. அணியை நிறுவிய உரிமையாளர் ரால்ஃப் வில்சனுக்கு வயது 90ஐத் தாண்டியிருந்தது. 2008 முதல் 2013 வரை பில்ஸ் ஆண்டுக்கு ஓர் ஆட்டத்தை டொராண்டோவில் ஆடிப் பார்த்தது. கனடாவில் இருந்தவர்களுக்கு அது மகிழ்ச்சி, பஃபலோக்காரர்களுக்கோ வயிற்றில் புளியைக் கரைத்தது. வில்சன் 2014 மார்ச்சில் காலமானார். அணியை வாங்க முயன்றவர்களில் டொராண்டோ குழுவும் இருந்தது. கடைசியில் டெர்ரி, கிம் பெகுலா தம்பதி 1.4 பில்லியன் டாலருக்கு வாங்கி, அணியைப் பஃபலோவிலேயே நிறுத்தினார்கள். அந்த ஆண்டு முடிவிலேயே பயிற்சியாளர் மரோன், உரிமையாளர் மாறினால் விலகலாம் என்ற ஒப்பந்த விதியைப் பயன்படுத்தி வெளியேறினார். பயிற்சியாளரே கிளம்பிப்போகும் ஊருக்கு வீரரை எப்படி அழைப்பது?

ஆனால் மரியோ வில்லியம்ஸ் வந்தாரே!

வந்தார். 2006 டிராஃப்ட்டின் முதல் தேர்வு. 2012 மார்ச்சில் ஹூஸ்டனிலிருந்து விடுபட்டவர் பஃபலோவுக்கு வந்து சில நாள் தங்கி ஊரையும் அணியையும் பார்த்தார். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. கையெழுத்துப் போட்டார்: 6 ஆண்டு, 100 மில்லியன் டாலர் வரை, அதில் 50 மில்லியன் உத்தரவாதம். அதுவரை எந்தத் தற்காப்பு வீரருக்கும் கிடைக்காத தொகை.

அவர் ஏமாற்றினார் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. முதல் மூன்று பருவங்களில் 10.5, 13, 14.5 சாக்குகள், அதாவது எதிரணிக் குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்திய கணக்கு. அணி ஜெயித்ததோ 6, 6, 9 ஆட்டங்கள். பிளேஆஃப் எட்டவில்லை. நான்காவது பருவம் சரியாக அமையாமல் 2016இல் விடுவிக்கப்பட்டார். எவ்வளவு பணம் கொட்டினாலும் ஒரு தற்காப்பு வீரரால் குவார்ட்டர்பேக் இல்லாத குறையை அடைக்க முடியாது என்பதை அந்த நான்கு ஆண்டுகளில் கண்கூடாகப் பார்த்தோம்.

அதற்கு முன் 2009இல் ரிசீவர் டெரல் ஓவன்ஸ் 6.5 மில்லியனுக்கு ஓராண்டு வந்து போனார். வரவேற்பு தடபுடலாக இருந்தது, ஊர்ச் சாவியையே கொடுத்தார்கள். அந்தப் பருவத்தில் பந்து பிடித்து முன்னேறிய தூரம் 829 யார்ட், 5 டச்டவுன். பிறகு போய்விட்டார்.

90களில் வரிசையாக 4 சூப்பர் பௌல் போனோமே, அப்போது ஆள் எப்படிக் கிடைத்தது?

அப்போது யாரும் வரத் தேவையே இல்லை, யாராலும் போகவும் முடியாது. கெல்லி, தர்மன் தாமஸ், புரூஸ் ஸ்மித், ஆண்ட்ரே ரீட் எல்லோரும் டிராஃப்ட்டில் எடுக்கப்பட்டவர்கள். ஒப்பந்தம் முடிந்தாலும் நல்ல வீரர் வேறு அணிக்குப் போக அன்றைய விதிகள் வழிவிடவில்லை. வீரர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1992இல் ஃப்ரீமன் மெக்நீல் தொடுத்த வழக்கில் தீர்ப்பு வீரர்கள் பக்கம் விழ, 1993இல் இன்றைய ஃப்ரீ ஏஜென்சி பிறந்தது. 1994இல் சம்பள உச்சவரம்பு, அதாவது ஓர் அணி தன் வீரர்களுக்கு ஓராண்டில் மொத்தமாகச் செலவிடக்கூடிய எல்லை, வந்தது. அப்போது அணிக்கு 34.6 மில்லியன் டாலர்.

பில்ஸின் நான்காவது சூப்பர் பௌல் 1994 ஜனவரியில். பொற்காலம் முடிந்ததும் புது விதிகள் வந்ததும் ஏறக்குறைய ஒரே நேரத்தில். 2000 பிப்ரவரியில் ஸ்மித், தாமஸ், ரீட் மூவரையும் உச்சவரம்புக் கணக்கைச் சரிக்கட்ட ஒரே நாளில் விடுவித்தார்கள். அன்று முதல்தான் 'இந்த இடங்களுக்கு யார் வருவார்' என்ற கேள்வி தொடங்கியது.

வீரர்களின் சுதந்திரம் நியாயமானது. அதற்காக ஒரு சின்ன ஊர் விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதும் உண்மை.

கிரீன் பே இன்னும் சின்ன ஊர். அங்கே மட்டும் எப்படி?

1993இல் சந்தைக்கு வந்தவர்களிலேயே மிகப் பெரிய பெயர் தற்காப்பு வீரர் ரெஜி வைட். பல அணிகள் துரத்தின. அவர் தேர்ந்தெடுத்தது கிரீன் பே: 4 ஆண்டு, 17 மில்லியன். பயிற்சியாளர் மைக் ஹோம்கிரென் நம்பிக்கைக்குரியவர், இளம் குவார்ட்டர்பேக் பிரெட் ஃபார்வ் வளர்ந்துகொண்டிருந்தார், பணமும் கூடுதல். 1997 ஜனவரியில் சூப்பர் பௌல் கோப்பை வந்தது. வைட் வந்த பிறகு மற்றவர்களும் அந்த ஊரை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினார்கள். பில்ஸுக்கு அந்த முதல் ஆள் கிடைக்கவே பல ஆண்டுகள் ஆயின.

ஜாஷ் ஆலன் வந்த பிறகு நிலைமை மாறியதா?

தலைகீழாக மாறியது. 2018 டிராஃப்ட்டில் 7ஆவது தேர்வாகக் குவார்ட்டர்பேக் ஆலன் வந்தார். 2022 மார்ச்சில், அதற்கு முந்தைய மாதம்தான் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸோடு சூப்பர் பௌல் வென்றிருந்த தற்காப்பு நட்சத்திரம் வான் மில்லர், வெயில் கொளுத்தும் ஊரை விட்டுவிட்டு பஃபலோவுக்கு வந்தார். 6 ஆண்டு, 120 மில்லியன் டாலர். அதே ஏரி, அதே பனி, அதே வரி. மாறியது குவார்ட்டர்பேக் மட்டும்தான். நான் மேலே சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அந்த ஆண்டு நன்றி தெரிவித்தல் நாளன்று டெட்ராய்ட்டில் மில்லரின் முழங்கால் போனது. அதுவரை 8 சாக். அடுத்த பருவத்தில் ஒன்றுகூட இல்லை. 2025 மார்ச்சில் விடுவிக்கப்பட்டார். வரமாட்டார்கள் என்று 20 ஆண்டு புலம்பினோம். பெரிய ஆள் வந்தும் கோப்பை வரவில்லை.

பணத்தைக் கொட்டினால் எல்லோரும் வருவார்களே?

கொட்ட விடமாட்டார்கள். உச்சவரம்பு எல்லா அணிக்கும் ஒன்றுதான், 2025இல் 279.2 மில்லியன். ஆலனுக்கு அந்த மார்ச்சில் போட்ட புது ஒப்பந்தம் 6 ஆண்டுக்கு 330 மில்லியன், அதில் 250 மில்லியன் உத்தரவாதம். அவர் அதற்குத் தகுதியானவர், ஒரு பைசா குறைக்கச் சொல்லமாட்டேன். ஆனால் மீதியில்தான் 50க்கும் மேற்பட்டவர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

போனவர்களும் கணக்கில் நிற்பார்கள். கையெழுத்துப் போனஸை ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதுவார்கள். வீரர் நடுவில் போய்விட்டால் மிச்சம் மொத்தமாக அணியின் தலையில் விழும். 2024இல் ரிசீவர் ஸ்டெஃபான் டிக்ஸை ஹூஸ்டனுக்குக் கொடுத்தபோது, ஆடாத ஒருவருக்காக 31 மில்லியன் அந்த ஆண்டுக் கணக்கில் ஏறியது. 2023இல் ரிசீவர் டிஆண்ட்ரே ஹாப்கின்ஸ் வரவேண்டும் என்று நாம் எல்லோரும் ஆசைப்பட்டோம்; அவர் டென்னஸிக்குப் போனார். நமக்கு ஆலன் இருந்தார், அவர்களுக்குக் கணக்கில் இடம் இருந்தது.

வந்தவர்களில் உண்மையாகவே நன்றாக அமைந்தது யார்?

யாரும் கவனிக்காத நேரத்தில் வந்த இருவர். 2017 மார்ச்சில் மைக்கா ஹைட் கிரீன் பேயிலிருந்து 5 ஆண்டு, 30.5 மில்லியனுக்கு வந்தார். ஜோர்டன் போயர் கிளீவ்லாந்திலிருந்து 4 ஆண்டு, 13 மில்லியனுக்கு வந்தார். அப்போது யாரும் கொண்டாடவில்லை. ஹைட் கிரீன் பேயில் எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் ஆடியவர். போயரை ஃபிலடெல்ஃபியா 7ஆவது சுற்றில் எடுத்து அந்த ஆண்டே கைவிட்டிருந்தது. 2016இல் ஓர் ஆட்டத்தில் மோதிச் சிறுநீரகம் கிழிந்து, அந்தப் பருவமே அதோடு முடிந்திருந்தது.

இருவரையும் கடைசி வரிசையில் சேஃப்டி இடங்களில் சேர்த்து நிறுத்தினார்கள். இருவரும் ஆட்டம் தொடங்கும்வரை ஒரே மாதிரி நிற்பார்கள். பந்து நகர்ந்த நொடியில் ஒருவர் முன்னே வருவார், மற்றவர் பின்னே போவார். எந்த முறை யார் என்று எதிரணிக் குவார்ட்டர்பேக்கால் ஊகிக்க முடியாது. முதல் பருவத்திலேயே இருவரும் தலா 5 இன்டர்செப்ஷன் (எதிரணி எறிந்த பந்தைப் பறிப்பது) எடுத்தார்கள். 17 ஆண்டு வறட்சியும் அந்தப் பருவத்தில்தான் முடிந்தது. 2021இல் லீக்கின் சிறந்த வீரர்கள் பட்டியலில் போயர் முதல் அணியிலும் ஹைட் இரண்டாம் அணியிலும் இடம்பிடித்தார்கள். இருவரின் மொத்த ஒப்பந்தமும் சேர்ந்து மரியோ வில்லியம்ஸின் உத்தரவாதப் பணத்தைவிடக் குறைவு.

2019இல் ஆன்டோனியோ பிரவுன் வர மறுத்தது அவமானம் இல்லையா?

அவர் ஃப்ரீ ஏஜென்ட் இல்லை; பிட்ஸ்பர்க்கின் ரிசீவர், அந்த அணியோடு பரிமாற்றப் பேச்சு. முடிந்துவிட்டது என்றே ஓர் இரவு செய்தி வந்தது. விடிவதற்குள் இல்லை என்றானது. வலித்தது. ஆனால் அதே மார்ச்சில் ரிசீவர்கள் ஜான் பிரவுன், கோல் பீஸ்லி, குவார்ட்டர்பேக்கிடம் பந்தைக் கொடுத்து அவரைக் காக்கும் சென்டர் மிட்ச் மோர்ஸ் மூவரும் வந்தார்கள். ஜான் பிரவுன் அந்தப் பருவம் 1,060 யார்ட் எடுத்தார். அணி 10 ஆட்டம் ஜெயித்து பிளேஆஃப் போனது. இளம் ஆலனுக்கு அந்த மூவரும் தந்த நிம்மதியை ஆன்டோனியோ தந்திருக்க மாட்டார் என்பது என் உறுதியான எண்ணம்.

எங்கள் கோபம் நியாயமா இல்லையா?

நியாயம்தான். ஆலன் காலத்தில் கேன்சஸ் சிட்டியிடம் மட்டும் நான்கு முறை பிளேஆஃபில் தோற்றிருக்கிறோம். கடைசியாக 2025 ஜனவரியில் 32-29. இன்னும் ஒரே ஓர் ஆள் இருந்திருந்தால் என்று தோன்றாத ரசிகர் இருக்க முடியாது.

ஆனால் கோபத்தின் பெரும்பகுதி வேறு இடத்தில் விழ வேண்டும் என்று நினைக்கிறேன். அந்த 17 ஆண்டுகளில் நம்மைக் கெடுத்தது வராதவர்களைவிட நாம் போகவிட்டவர்கள். ஆன்டோயின் வின்ஃபீல்ட் 2004இல் மினசோட்டாவுக்குப் போனார், அடுத்த ஆண்டே பேட் வில்லியம்ஸும் அங்கே. 2007இல் நேட் கிளெமென்ட்ஸ் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு, லண்டன் ஃபிளெட்சர் வாஷிங்டனுக்கு. 2014இல் ஜைரஸ் பேர்ட் நியூ ஆர்லியன்ஸுக்கு. 2017இல் ஸ்டெஃபான் கில்மோர் நம் பரம எதிரியான நியூ இங்கிலாந்துக்கே போய், சூப்பர் பௌல் வென்று, 2019இல் லீக்கின் சிறந்த தற்காப்பு வீரர் விருதும் வாங்கினார். வின்ஃபீல்ட், பேட் வில்லியம்ஸ், ஃபிளெட்சர் மூவரும் சிறந்த வீரர்களுக்கான புரோ பௌலுக்குப் போனது நம்மை விட்டுப் போன பிறகுதான். பெரும்பாலும் நாமே வளர்த்து, நாமே தொலைத்தோம். அந்த ஓட்டைகளை அடைக்கத்தான் சந்தையில் அதிக விலை கொடுக்க வேண்டியிருந்தது. 2007இல் 49 மில்லியன் ஒப்பந்தத்தில் வந்த டெரிக் டாக்கரி இரண்டே பருவத்தில் விடுவிக்கப்பட்டார்.

2025 மார்ச்சில் நடந்ததை இதோடு சேர்த்துப் பாருங்கள். கிரெக் ரூசோ, கலீல் ஷகீர், டெரல் பெர்னார்ட், கிறிஸ்டியன் பென்ஃபோர்ட் நான்கு பேரும் நம் டிராஃப்ட்டில் வந்தவர்கள். பென்ஃபோர்ட் 6ஆம் சுற்று, ஷகீர் 5ஆம் சுற்று. நால்வருக்கும் சந்தைக்குப் போகுமுன்பே புது ஒப்பந்தம் போட்டார்கள். வெளியிலிருந்து ஜோய் போசா 12.6 மில்லியனுக்கு ஓராண்டு ஒப்பந்தத்தில் வந்தார். 'வேறு யாரும் பெரிதாக வரவில்லையே' என்று அந்த வாரம் பலர் சலித்துக்கொண்டார்கள். எனக்கோ பல ஆண்டுகளில் மிகத் திருப்தியான மார்ச் அதுதான்.

சரி, மார்ச்சில் வரும் செய்திகளை எப்படிப் படிப்பது?

மொத்தத் தொகையை விட்டுவிட்டு உத்தரவாதப் பணத்தைப் பாருங்கள். மரியோ வில்லியம்ஸின் 100 மில்லியனில் பாதிதான் உறுதி. கடைசி ஆண்டுகளில் எழுதியிருக்கும் தொகை பெரும்பாலும் கைக்கு வராது.

முதல் இரண்டு நாளில் யாரும் வரவில்லை என்றால் பதற வேண்டாம், அந்த நாட்களில்தான் விலை அதிகம். அப்புறம், மற்ற அணி விடுவித்த வீரரா, ஒப்பந்தம் முடிந்து வந்தவரா என்று கவனியுங்கள். ஒப்பந்தம் முடிந்த வீரர்களை இழந்த அணிக்கு அடுத்த ஆண்டு டிராஃப்ட்டில் ஈட்டுத் தேர்வு கிடைக்கும். பதிலுக்கு அதே வகை வீரரைச் சேர்த்தால் அது கழிந்துபோகும். விடுவிக்கப்பட்டவரைச் சேர்த்தால் கழியாது. அணி சில பெயர்களைத் தொடாமல் விடுவதற்கு இதுவும் காரணம்.

நம் சொந்த வீரர்களில் யாருடைய ஒப்பந்தம் அடுத்த மார்ச்சில் முடிகிறது என்ற பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கோடை முடிவதற்குள் அதில் எத்தனை பெயர் அடிபடுகிறது என்று நான் பார்ப்பது வழக்கம்.